காசி பெயர் வைத்த கப்பல்: 77 குழந்தைகளுடன் நடுக்கடலில் மூழ்கியது எப்படி?

குண்டு மழையில் இருந்து காப்பாற்ற வேண்டும் என்று பெற்ற பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள் இங்கிலாந்து பெற்றோர்கள். 4 நாள்தான் ஆனது. அந்தக் கப்பலை ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பல் குண்டு போட்டு மூழ்கடித்தது. 77 குழந்தைகள் பலியானார்கள். அவர்களோடு சேர்ந்து, அந்தக் கப்பலில் வயிற்றுப் பிழைப்புக்காக வேலை பார்த்த ஏராளமான இந்தியத் தொழிலாளர்களும் செத்துப்போனார்கள்.

உலகையே உலுக்கிய இந்தச் சம்பவம் நடந்தது 1940-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந்தேதி இரவு. கப்பலின் பெயர் 'சிட்டி ஆப் பெனாரஸ்'. நம்ம பாஷையில் சொன்னால் 'காசி நகரம்'.

குழந்தைகளின் கதையை இங்கிலாந்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் அதே கப்பலில் இறந்த இந்தியர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பம்பாய்க்கு ஓடிய கப்பல்

இந்தக் கப்பல் 1936-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. 11 ஆயிரம் டன் கொள்ளளவு. எல்லர்மேன் என்ற கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. இங்கிலாந்துக்கும் பம்பாய்க்கும் (இப்போது மும்பை) இடையே பயணிகளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தது. அதனால்தான் காசியின் பெயர்.

கப்பலில் அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். எஞ்சின் அறையில் கரி, எண்ணெய்ப் புழுதியில் வேலை செய்தவர்கள், மேல்தளத்தில் கயிறு இழுத்தவர்கள், சமையல்காரர்கள், சாப்பாடு பரிமாறியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். மொத்த ஊழியர்கள் 200 பேர் சொச்சத்தில் 160-க்கும் மேல் இந்தியர்கள்தான்.

இவர்களை 'லஸ்கர்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்தார்கள். பம்பாய், கல்கத்தா துறைமுகங்களில் இப்படி ஆள் எடுப்பது அந்தக் கால வழக்கம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. அவருக்குப் பெயர் 'செராங்'. கேரளா, குமரி பக்கம் விசைப்படகு ஓட்டுபவரை 'ஸ்ராங்கு' என்று கூப்பிடுகிறார்களே, அது இந்தச் சொல்லில் இருந்து வந்ததுதான்.

வேலை ஒன்றுதான். ஆனால் வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் சிறு பங்குதான் இவர்களுக்கு. 1939-ம் ஆண்டு போர் தொடங்கியதும், 'உயிரைப் பணயம் வைத்து வேலை செய்யும் எங்களுக்குக் கூலியைக் கூட்டிக் கொடு' என்று கேட்டு இந்திய மாலுமிகள் பல துறைமுகங்களில் ஸ்டிரைக் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி

1940-ல் பிரான்ஸ் நாடு ஜெர்மனியிடம் விழுந்தது. அடுத்து இங்கிலாந்துதான் என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அமெரிக்கா, கனடாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

'காசு இருக்கிறவன் பிள்ளை மட்டும் பிழைத்தால் போதுமா?' என்று கேள்வி எழுந்தது. உடனே ஜூன் மாதம் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. சாதாரணப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளையும் அரசே கப்பலில் ஏற்றி கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும். அங்கே யாராவது ஒரு குடும்பம் வைத்துப் பார்த்துக்கொள்ளும். போர் முடிந்ததும் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். இதுதான் திட்டம்.

கொஞ்ச நாளிலேயே 2 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்காக மனுக்கள் குவிந்தன. செப்டம்பர் 7-ந்தேதி லண்டன் மீது தொடர்ந்து குண்டு வீச்சு ஆரம்பித்தது. பயம் இன்னும் கூடியது. பெனாரஸ் கப்பலில் பிள்ளைகளை அனுப்பிய ஒரு லண்டன் குடும்பம், அந்தக் குண்டு வீச்சில்தான் வீட்டை இழந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் இருந்து மட்டும் 5 பிள்ளைகள் கப்பல் ஏறினார்கள். ஐந்து பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

ஆபத்து தெரியாமல் இல்லை. ஆகஸ்டு 30-ந்தேதி 'வோலண்டாம்' என்ற கப்பலும் இதே மாதிரி குழந்தைகளோடு போனபோது குண்டு பாய்ந்தது. ஆனால் அதில் இருந்த 300-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அத்தனை பேரும் தப்பிவிட்டார்கள். 'அடிபட்டாலும் பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம்' என்ற தைரியம் இதனால் வந்தது. அந்தக் கப்பலில் தப்பிய 2 குழந்தைகளைக் கூட மறுபடி பெனாரஸ் கப்பலில் ஏற்றினார்கள். 2 பேருமே இந்தமுறை தப்பவில்லை.

13-ந்தேதி வெள்ளிக்கிழமை

திட்டத்தில் சேர்ந்த 90 குழந்தைகள் உள்பட சுமார் 400 பேருடன், கனடா நோக்கி லிவர்பூல் துறைமுகத்தில் இருந்து கப்பல் கிளம்பியது. நாள் செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. 13-ந்தேதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் வெள்ளைக்காரர்களுக்கு ஆகாத நாள். முந்தைய நாளே கிளம்ப வேண்டியது. ஆற்று முகத்தில் கண்ணிவெடி பயம் இருந்ததால் ஒரு நாள் தள்ளிப்போனது.

குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஊரில் எல்லாம் ரேஷன். கப்பலிலோ வேண்டிய மட்டும் சாப்பாடு. தலைப்பாகை கட்டிய இந்தியப் பணியாளர்கள் சிரித்த முகத்தோடு கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள்.

கப்பல் தனியாகப் போகவில்லை. போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்கள் கூட்டமாகத்தான் போகும். சுற்றிலும் போர்க்கப்பல்கள் காவல் வரும். மந்தைக்குக் காவல்நாய் போகிற மாதிரிதான். இந்தக் கூட்டத்தின் தலைமைக் கடற்படை அதிகாரி மெக்கின்னன் பெனாரஸ் கப்பலில்தான் இருந்தார். கப்பல் கேப்டன் பெயர் நிக்கோல்.

காவல் போனது... வேகமும் போனது

17-ந்தேதி அதிகாலை காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் திரும்பிவிட்டன. எதிர்த்திசையில் இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்த இன்னொரு கப்பல் கூட்டத்துக்குக் காவலாக அவை போக வேண்டியிருந்தது. அப்போது பிரிட்டனிடம் போதுமான காவல் கப்பல்கள் இல்லை. 'இவ்வளவு தூரம் மேற்கே நீர்மூழ்கிக் கப்பல் வராது' என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கைதான் பொய்த்துப் போனது.

காவல் போன பிறகு கூட்டத்தைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு கப்பலும் தன்னால் முடிந்த வேகத்தில் போயிருக்கலாம். பெனாரஸ் வேகமான கப்பல். கூட்டமாகப் போகும்போது மெதுவாகப் போகிற கப்பலின் வேகத்தில்தான் எல்லாம் போக வேண்டும். அது கிட்டத்தட்ட சைக்கிள் வேகம்தான். தனியாகப் போயிருந்தால் பெனாரஸ் ஏறக்குறைய 2 மடங்கு வேகத்தில் ஓடியிருக்கும். ஆனால் கூட்டம் கலையவில்லை. புயல் காற்று வேறு. குறி வைக்க முடியாதபடி வளைந்து வளைந்து ஓடும் தந்திரத்தையும் அன்று இரவு கடைப்பிடிக்கவில்லை.

பதுங்கி வந்த யு-48

இந்தக் கூட்டத்தைப் பகலிலேயே பார்த்துவிட்டது ஜெர்மனியின் 'யு-48' நீர்மூழ்கிக் கப்பல். அதன் கேப்டன் பெயர் பிளைக்ரோட். உடனே தாக்கவில்லை. இருட்டும்வரை பின்னாலேயே வந்தது.

நீர்மூழ்கிக் கப்பல் என்றால் எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கால நீர்மூழ்கிகள் அப்படி இல்லை. தண்ணீருக்கு அடியில் பேட்டரியில்தான் ஓடும். மணிக்கு 15 கிலோமீட்டர் போவதே பெரிய பாடு. பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலே வந்தால் டீசல் எஞ்சின். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். அதனால் ராத்திரியில் மேலே மிதந்தபடியே வந்து தாக்குவதுதான் அவர்கள் வழக்கம். இருட்டில் அந்தச் சின்ன உருவம் யார் கண்ணுக்கும் தெரியாது.

அவர்கள் ஆயுதம் 'டார்பிடோ'. சுருட்டு மாதிரி உருண்டு நீண்ட குண்டு. சுமார் 7 மீட்டர் நீளம். ஒன்றரை டன் எடை. முகப்பில் 280 கிலோ வெடிமருந்து. தண்ணீருக்குள்ளேயே தானாக ஓடிவந்து கப்பலின் அடிவயிற்றில் மோதி வெடிக்கும்.

முதலில் விட்ட 2 குண்டுகள் குறி தவறின. அடுத்து ஒன்று விட்டார்கள். இரவு 10 மணியை ஒட்டி அது கப்பலின் பின்பகுதியில் பாய்ந்தது. சரியாகக் குழந்தைகள் தூங்கிய அறைகளுக்குக் கீழே!

அரை மணி நேரத்தில் முடிந்தது

சில குழந்தைகள் வெடித்த வேகத்திலேயே இறந்தார்கள். மற்றவர்களை உதவியாளர்களும் ஊழியர்களும் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினார்கள். பிள்ளைகள் இரவு உடையோடு நின்றார்கள். புயல் காற்று, ஆலங்கட்டி மழை. ஆள் உயரத்துக்கு மேல் அலை.

உயிர்காக்கும் படகுகளை இறக்கும்போதுதான் பெரிய கொடுமை நடந்தது. கயிற்றில் தொங்கிய படகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பலர் கடலில் விழுந்தார்கள். இறங்கிய படகுகளிலும் தண்ணீர் ஏறிவிட்டது. படகு மூழ்காது. ஆனால் இடுப்பளவு ஐஸ் தண்ணீரில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. கேப்டனும் தலைமை அதிகாரியும் பலியானார்கள்.

கூட வந்த கப்பல்கள் ஏன் நின்று காப்பாற்றவில்லை? நின்றால் அதுவும் குறியாகிவிடும். அடிபட்டால் சிதறி ஓட வேண்டும் என்பதுதான் உத்தரவு. அதே இரவில் 'மரீனா' என்ற இன்னொரு கப்பலும் அடிபட்டு மூழ்கியது.

காப்பாற்றும் கடமை 'ஹரிகேன்' என்ற போர்க்கப்பல் தலையில் விழுந்தது. அது நின்ற இடம் சுமார் 300 மைல் தூரம். புயலைக் கிழித்துக்கொண்டு வந்து சேர மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் குளிரிலேயே விறைத்துப் பலர் இறந்துவிட்டார்கள். வெயில் நாட்டில் இருந்து போன, மெல்லிய துணி உடுத்திய இந்தியர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

கவிழ்ந்து கிடந்த ஒரு படகின் அடிப்பாகத்தைப் பிடித்தபடி 2 சிறுமிகள் கிடந்தார்கள். பெஸ் வால்டர் வயது 15. பெத் கம்மிங்ஸ் வயது 14. கப்பலில்தான் இரண்டு பேருக்கும் பழக்கம். அலை மேலே மேலே அடித்தும் கையை விடவில்லை. தூக்கியபோது விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. தன் 10 வயது தம்பி இறந்துவிட்டான் என்றே பெஸ் நினைத்திருந்தாள். அவனும் அதே போர்க்கப்பலில் உயிரோடு இருந்தான். பிற்காலத்தில் பெத்தின் அண்ணனையே பெஸ் கல்யாணம் செய்துகொண்டார்.

கணக்கில் விடுபட்ட படகு

ஹரிகேன் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டது. ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. மரீனா கப்பலின் படகு ஒன்றையும் பெனாரஸ் படகு என்று நினைத்து எண்ணிவிட்டார்கள். கணக்கு சரியாகிவிட்டது என்று திரும்பிவிட்டார்கள். பெனாரஸின் 12-ம் நம்பர் படகு மட்டும் நடுக்கடலிலேயே கிடந்தது.

அந்தப் படகில் 46 பேர். 6 சிறுவர்கள், இசை ஆசிரியை மேரி கார்னிஷ், ஒரு பாதிரியார், சில வெள்ளைக்கார மாலுமிகள், ஒரு போலந்து நாட்டுக்காரர். மீதி 30 பேருக்கும் மேல் இந்தியத் தொழிலாளர்கள். பொறுப்பு 4-ம் நிலை அதிகாரி கூப்பர் கையில்.

கரை பல நூறு மைல் தூரம். சாப்பாடு 3 வாரத்துக்கு இருந்தது. குடிதண்ணீர் ஒரு வாரத்துக்குத்தான். தண்ணீரைச் சின்னக் குவளையில் அளந்து ஊற்றினார்கள். ஒரு பிஸ்கட், அதன்மேல் ஒரு மத்தி மீன். அதுதான் ஒரு வேளைச் சாப்பாடு. நாக்கு வறண்டு பிஸ்கட்டை முழுங்க முடியவில்லை.

படகில் துடுப்புக்குப் பதில் முன்னும் பின்னும் தள்ளும் கைப்பிடிகள் இருந்தன. தள்ளினால் படகின் அடியில் இருக்கும் விசிறி சுற்றும். கை மரத்துப்போன நிலையிலும் மாலுமிகள் அதைத் தள்ளினார்கள். பையன்கள் தூங்கி விறைத்துவிடாமல் இருக்க, மேரி கார்னிஷ் கை கால்களைத் தேய்த்துவிட்டார். துப்பறியும் கதை சொல்லிக்கொண்டே இருந்தார். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்க வைத்தே நாளைக் கடத்தினார்.

நடுவில் ஒரு கப்பல் கிட்டே வந்தது. எல்லோரும் கத்தினார்கள். அது திரும்பிப் போய்விட்டது.

25-ந்தேதி ஒரு பையன் வானத்தில் புள்ளி மாதிரி ஏதோ தெரிகிறது என்று காட்டினான். பிரிட்டிஷ் தரப்பின் ரோந்து விமானம்! விமானத்தில் இருந்து உணவுப் பொருட்களைப் போட்டார்கள். தகவல் போய், 'ஆண்டனி' என்ற போர்க்கப்பல் வந்து தூக்கியது. 8 நாள் கழித்து 6 சிறுவர்களும் உயிரோடு மீண்டார்கள்.

'உங்கள் பிள்ளை இறந்துவிட்டான்' என்று அவர்களது வீடுகளுக்கு ஏற்கனவே தகவல் போய்விட்டது. அழுது முடித்த வீடுகளுக்கு 'பையன் இருக்கிறான்' என்ற செய்தி வந்தது.

யார் மேல் தப்பு?

90 குழந்தைகளில் பிழைத்தவர்கள் 13 பேர்தான். மொத்தத்தில் சுமார் 260 பேர் பலியானார்கள். இதில் ஊழியர்கள் மட்டும் சுமார் 120 பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள்.

'இதில் குழந்தைகள் இருந்தது எங்களுக்குத் தெரியாது' என்று ஜெர்மனி நீர்மூழ்கி தரப்பில் சொன்னார்கள். கப்பலில் குழந்தைகள் இருப்பதற்கான அடையாளம் எதுவும் வெளியே தெரியாது. இருட்டில், விளக்கு இல்லாமல், கூட்டத்தோடு கூட்டமாகப் போன கப்பல் அது. ஆனால் ஆட்களுக்குப் பாதுகாப்பு செய்யாமல் பயணிகள், சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கக்கூடாது என்று 1936-ம் ஆண்டு லண்டனில் செய்த உடன்பாட்டில் ஜெர்மனியும் சேர்ந்திருந்தது. போர் வந்ததும் அது காகிதத்தோடு சரி.

குழந்தைகள் இருக்கும் கப்பலைக் காவல் இல்லாமல் ஏன் விட்டார்கள், வேகமாகப் போகக்கூடிய கப்பலை மெதுவான கூட்டத்தோடு ஏன் கட்டிவைத்தார்கள் என்ற கேள்விகள் பிரிட்டிஷ் அரசையும் துளைத்தன. சம்பவத்துக்குப் பிறகு குழந்தைகளைக் கடல் கடந்து அனுப்பும் திட்டமே கைவிடப்பட்டது. அதற்குள் 2,664 குழந்தைகள் வெளிநாடு போயிருந்தார்கள்.

புத்தகத்தில் மட்டும் பெயர்

மீட்கப்பட்ட சிறுவர்களின் போட்டோ பேப்பர்களில் வந்தது. ஆசிரியை மேரி கார்னிஷை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே படகில் 8 நாள் கிடந்த 30 சொச்சம் இந்தியர்கள், செய்திகளில் பெரும்பாலும் 'லஸ்கர்கள்' என்ற ஒரே வார்த்தையில் அடங்கிப் போனார்கள்.

2-ம் உலகப்போரில் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து இறந்த இந்திய மாலுமிகள் சுமார் 6,600 பேர். இவர்கள் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்கள் இல்லை. கரி அள்ளியவர்கள், சோறு பொங்கியவர்கள், தட்டு கழுவியவர்கள்.

கடலில் போனதால் இவர்களுக்குக் கல்லறை கிடையாது. மும்பையில் மாலுமிகள் இல்லத்தில் இவர்கள் பெயர்களை எழுதிய நினைவுப் புத்தகம் இருக்கிறது. அதன் இன்னொரு பிரதி வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் உள்ளது.

பெனாரஸ் கப்பலில் அந்தக் குழந்தைகளுக்குக் கடைசிச் சாப்பாட்டைப் பரிமாறியவர்களும் இந்த மாலுமிகள்தான். ஊரில் அவர்களுக்கும் வீடு இருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டு பெண்டாட்டி, பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வீடுகளில் நடந்த அழுகையை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.